சரிசெய்துவிட்டோம் என்றார்கள், எண்ணிப் பார்த்தேன்

அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் குப்பை கொட்டியவர்களுக்கு 'ஆடிட் பாரா' என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். தணிக்கைக் குழு வரும், பதிவேடுகளைப் புரட்டும், குறைகளை எழுதிவிட்டுப் போகும். அதற்குப் பதில் எழுதுவது எங்களைப் போன்றவர்களின் வேலை. 'குறை நிவர்த்தி செய்யப்பட்டது', 'இனிவரும் காலங்களில் கவனத்தில் கொள்ளப்படும்' என்று இரண்டு வாக்கியங்களை எப்போதும் கைவசம் வைத்திருப்போம். விவரமான தணிக்கை அதிகாரி அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு பாராவை மூடிவிட மாட்டார். அடுத்த முறை வரும்போது நேராகக் கிடங்குக்குப் போய், "அந்த நாற்காலிகளைக் காட்டுங்க, எண்ணிப் பார்க்கலாம்" என்பார்.

நான் ஓய்வுபெற்றுப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அந்த அதிகாரியின் வேலையை என் வீட்டிலேயே நான் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் சேவை பற்றித்தான் சொல்கிறேன். 'ஹோம் நர்ஸிங்' என்று போர்டு மாட்டிய ஏஜென்சிகள் புதுச்சேரியில் இன்று தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இந்தப் பக்கத்தை வாசிக்கும் நண்பர்களில் பாதிப் பேராவது மனைவிக்கோ, அண்ணனுக்கோ, தங்களுக்கேகூடவோ இப்படி ஓர் ஆளை வைத்திருப்பீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வலது பக்கம் பலவீனம். பேச்சு தடுமாறும், ஆனால் நேரம் கொடுத்தால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவாள். முப்பது வருடம் டீச்சராக இருந்தவள். சர்க்கரையும் உண்டு, இருவேளை இன்சுலின். மகள் பெங்களூரில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கும் முட்டிவலி. அவளைத் தூக்கி உட்காரவைக்க என்னால் ஆகாது. எனவே ஒரு ஏஜென்சியிடம் மாதம் 24,000 ரூபாய் பேசி, இருபத்து நான்கு மணி நேரமும் வீட்டோடு இருக்கும் ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தோம்.

முதல் மூன்று மாதங்களில் நான்கு பெண்கள் மாறினார்கள். ஒருத்தி பலவீனமான கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினாள். பக்கவாதம் வந்த பக்கத்துத் தோள்மூட்டைத் தசைகள் சரியாகத் தாங்காது, அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு விலகி வலி பிடித்துக்கொள்ளும். அப்படித்தான் பிடித்துக்கொண்டது, பிசியோதெரபி செய்து வலி குறைய ஆறு வாரம் ஆயிற்று. இன்னொரு நாள் மாற்றாள் வந்த ஞாயிற்றுக்கிழமை. இன்சுலின் போட்ட பிறகு இட்லி கொடுக்கத் தாமதமாகி, மனைவிக்கு வியர்த்துக் கொட்டிக் கண் செருகிவிட்டது. மெஷினில் பார்த்தால் சர்க்கரை 58. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, எண் ஏறியதைப் பார்த்த பிறகுதான் என் நெஞ்சு அடங்கியது. அடுத்த மாதமே வால் எலும்புக்கு மேலே தோல் சிவந்திருப்பதைக் கண்டுபிடித்தோம். படுக்கைப்புண்ணின் தொடக்கம்.

நான் நேரில் போய் எழுத்தில் புகார் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து ஏஜென்சியின் உரிமையாளர் வீட்டுக்கே வந்தார். மரியாதையான மனிதர்தான். "சார், எல்லாத்தையும் இம்ப்ரூவ் பண்ணிட்டோம்" என்றார். இனி எல்லாருக்கும் சீருடை. கழுத்தில் அடையாள அட்டை. மூன்று நாள் பயிற்சி, அதற்கு ஒரு சான்றிதழ். குடும்பத்தோடு பேச ஒரு வாட்ஸ்அப் குழு. கடைசியாக ஒரு படிவத்தை நீட்டினார். 'எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா?' என்று கேள்வி, பக்கத்தில் ஐந்து நட்சத்திரங்கள், கீழே கையெழுத்துப் போட ஒரு கோடு.

அந்தப் படிவத்தைப் பார்த்ததும் என் பழைய 'குறை நிவர்த்தி செய்யப்பட்டது' நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது. நாளைக்குப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் படிவத்தில் நம்மில் யார் குறைவான நட்சத்திரம் போடுவோம்? ஆளை நிறுத்திவிட்டால் நாளைக் காலை மனைவியை யார் குளிப்பாட்டுவது என்ற பயம் நம் கையைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பெண்ணின் பிழைப்பைக் கெடுத்துவிடக் கூடாதே என்ற இரக்கமும் சேர்ந்துகொள்ளும். ஆக, எல்லாருமே ஐந்து நட்சத்திரம்தான் போடுவோம். அந்த ஐந்து நட்சத்திரத்தால் என் மனைவியின் முதுகுத் தோல் எப்படி இருக்கிறது என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. படுக்கையில் இருப்பவளை அந்தப் படிவம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

அன்று இரவு பிரான்சில் இருக்கும் அக்காவிடம் இதைச் சொன்னேன். எங்கள் ஊரில் பல குடும்பங்களில் இருப்பதுபோல் எங்கள் குடும்பத்திலும் ஒரு கிளை அங்கே இருக்கிறது. அத்திம்பேர் சொல்தா. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். 82 வயது அக்கா பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் தனியாக இருக்கிறார். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் அரை மணி நேரம், உதவிக்கு ஒரு பெண் வருகிறாள். அந்தச் செலவின் பெரும்பகுதியை அவர்கள் 'ஆப்பா' என்று அழைக்கும் உதவித்தொகை ஏற்கிறது. 2002-ல் நடைமுறைக்கு வந்தது. 60 வயதைத் தாண்டி, பிறர் உதவியின்றி அன்றாட வேலைகளைச் செய்ய முடியாதவர்களுக்கு மாவட்ட நிர்வாகம் தருவது. வருமானத்துக்கு ஏற்ப நாமும் ஒரு பங்கு போட வேண்டும். "நம்ம அப்பா போய் நாற்பது வருஷமாச்சு தம்பி, இப்ப இந்த ஆப்பாதான் எனக்குச் செலவு பண்ணுது" என்று அக்கா சிரிப்பார்.

அக்கா வீட்டுச் சமையலறை மேசையில் எப்போதும் ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கும். 'கஹியே தெ லியெசோன்' என்பார்கள். தொடர்புப் பதிவேடு என்று நம் அலுவலகத் தமிழில் சொல்லலாம். வரும் பெண் வந்த நேரம், செய்த வேலை, அக்கா எவ்வளவு சாப்பிட்டார், புதிதாக எதையாவது கவனித்தாளா என்று நான்கைந்து வரி எழுதிவிட்டுப் போவாள். மாலையில் வருபவள் அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவாள். ஊசி போட வரும் நர்ஸும் அதைப் பார்ப்பாள். வாரக் கடைசியில் வரும் மகனும் பார்ப்பான்.

அங்கே வீட்டுக்கு வந்து உதவும் இந்த அமைப்புகளை மேலிருந்து சோதிக்கவும் ஒரு முறை இருக்கிறது. அக்கா அனுப்பிய ஒரு கையேட்டைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கல்வே காலேஜில் படித்த பிரெஞ்சு எழுபது வயதுக்கு மேல் இப்படி ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது. 2022-ல் அவர்களுடைய தேசியச் சுகாதார ஆணையம் ஒரே மாதிரியான அளவுகோல் ஒன்றை வெளியிட்டது. மொத்தம் 157 அம்சங்கள். அவற்றில் 18 கட்டாயம். மனித மரியாதை, புகார்களைக் கையாளும் விதம், கொடுமை நடக்காமல் தடுப்பது, அசம்பாவிதங்களைப் பதிவு செய்வது போன்றவை அந்தக் கட்டாயப் பட்டியலில் வருகின்றன. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை வெளியிலிருந்து ஆட்கள் வந்து மதிப்பிடுகிறார்கள். கட்டாய அம்சம் ஒன்றில் முழு மதிப்பெண் வராவிட்டால், அதை எப்படிச் சரிசெய்யப் போகிறோம் என்று அந்த அமைப்பு எழுதித் தர வேண்டும்.

எனக்குப் பிடித்தது அவர்கள் சோதிக்கும் வரிசை. சேவை பெறுகிறவரிடம் முதலில் பேசுகிறார்கள். அதன் பிறகு, அதே மனிதரைப் பற்றி அவருக்கு வேலை செய்கிறவர்களிடம் கேட்கிறார்கள். பிறகு அவரைப் பற்றி எழுதி வைத்திருக்கும் காகிதங்களைப் பார்க்கிறார்கள். மூன்றும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கிறார்கள். கிடங்கில் போய் நாற்காலியை எண்ணும் வேலையேதான். நம் தணிக்கையில் காகிதத்தில் தொடங்குவோம், அங்கே மனிதரில் தொடங்குகிறார்கள்.

அங்கே எல்லாமே தேனும் பாலும் என்று நினைக்க வேண்டாம். இந்த வேலைக்கு ஆள் கிடைக்காத திண்டாட்டம் அங்கேயும் உண்டு. "ஞாயித்துக்கிழமைன்னா புது மூஞ்சி வந்து நிக்கும் தம்பி, பாத்ரூம் எங்கேன்னு நான்தான் காட்டணும்" என்று அக்காவும் புலம்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமை என்ற சொல்லை அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் கடையில் 200 பக்க நீள நோட்டு ஒன்று வாங்கினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். அந்த வேலையை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்போது ஐந்தாவதாக ஒரு பெண் வந்திருந்தாள். விழுப்புரம் பக்கத்துக் கிராமம், எட்டாம் வகுப்பு வரை படித்தவள், முப்பது வயது இருக்கும். நோட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "என்னைக் கண்காணிக்கவா ஐயா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. "இல்லம்மா. ராத்திரி நான் மாத்திரை கொடுத்தால் நானும் இதிலே எழுதிக் கையெழுத்துப் போடுவேன். நீ ஊருக்குப் போற அன்னிக்கு வர்ற பொண்ணுக்கு இதுதான் வழிகாட்டி" என்றேன். எந்தெந்தக் கட்டம் வேண்டும் என்பதை அவளையும் உட்காரவைத்துத்தான் முடிவு செய்தேன். பாதி யோசனைகள் அவளுடையவை.

தினசரிப் பக்கத்தில் இருப்பவை இவ்வளவுதான்: புரட்டிப் படுக்கவைத்த நேரமும் எந்தப் பக்கம் என்பதும், தோலைப் பார்த்ததா, எங்கே, சர்க்கரை எண், இன்சுலின் எத்தனை யூனிட், அதன் பிறகு சாப்பாடு எத்தனை மணிக்கு, சாப்பிடும்போது புரை ஏறியதா, சிறுநீர், மலம், நடைப்பயிற்சி, 'விழப் பார்த்தது' ஏதாவது உண்டா, கையெழுத்து. எழுத அவளுக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

தோலைப் பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, பிறகு நிறம் திரும்ப வேண்டும். அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது எச்சரிக்கை. நம் நிறத்துக்குச் சிவப்பு சட்டென்று தெரியாது. அதனால் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டும் பார்க்க வேண்டும். வால் எலும்பு, இடுப்பு எலும்பின் இரு பக்கங்கள், குதிகால்கள் ஆகியவற்றைத் தினமும் பார்க்க வேண்டும். குதிகாலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் எனக்கென்று ஒரு மாதக் கணக்கு வைத்தேன். எத்தனை வெவ்வேறு ஆட்கள் வந்தார்கள், தோல் சிவந்த நாட்கள் எத்தனை, சர்க்கரை எழுபதுக்குக் கீழே போனது எத்தனை முறை, தவறிய மருந்து எத்தனை, விழுந்தது அல்லது விழப் பார்த்தது எத்தனை.

இரண்டு மாதம் எழுதினோம். பிறகு ஒரு மதியம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். தோல் சிவந்ததாக எழுதிய நாட்கள் ஒன்பது. அதில் ஆறு திங்கட்கிழமை. சர்க்கரை இறங்கியது மூன்று முறை. மூன்றும் ஞாயிறு. அந்த எட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்த மாற்றாட்கள் ஐந்து பேர்.

சீருடை, அடையாள அட்டை, சான்றிதழ் எல்லாம் இருந்தன. ஆனால் ஆபத்து முழுக்க ஒரு பெண் போய் இன்னொரு பெண் வரும் இடைவெளியில் குடியிருந்தது. வழக்கமான பெண் ஞாயிறு காலை ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். மாற்றாள் எட்டு மணிக்கு வருவாள். இன்சுலின் போட்டு எவ்வளவு நேரத்தில் சாப்பாடு, இரவு எந்தப் பக்கம் படுத்திருந்தாள், எந்தக் கையைத் தொடக் கூடாது என்பதை வருகிறவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. அரைகுறையாக நான் சொல்வேன். தூக்குவது, புரட்டுவது போன்ற கை வேலையை வாயால் எப்படிச் சொல்வது? மூன்று நாள் பயிற்சியில் யார் எதைக் கற்றாலும், என் மனைவியின் உடம்பைப் பற்றி அந்தப் பயிற்சியில் இருக்கப்போவதில்லை.

நோட்டோடு உரிமையாளரைப் பார்க்கப் போனேன். அந்தப் பழைய படிவத்தையும் நட்சத்திரம் போடாமலே திருப்பிக் கொடுத்தேன். அவர் நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார். "சார், இதை யாரும் இப்படிக் காட்டினதில்லை" என்றார். பேசி மூன்று ஏற்பாடுகள் செய்தோம். ஞாயிற்றுக்கிழமைக்கு எப்போதும் ஒரே மாற்றாள். வருகிறவள் வந்து, காலை ஊசியும் சாப்பாடும் முடிந்து, இருவரும் சேர்ந்து ஒரு முறை மனைவியைப் புரட்டித் தோலைப் பார்த்த பிறகுதான் போகிறவள் போக வேண்டும். அந்தக் கூடுதல் நேரத்துக்கு ஆளுக்கு 100 ரூபாய் நான் தருகிறேன். வார விடுமுறையை எக்காரணம் கொண்டும் ரத்து செய்யக் கூடாது.

மூன்றாவதை நான் வலியுறுத்தியதற்குக் காரணம் நோட்டிலேயே இருந்தது. விடுமுறை கிடைக்காமல் பதிமூன்று நாட்கள் தொடர்ந்து வேலை செய்த ஒரு வாரத்தில், அதிகாலை நான்கு மணிக் கட்டம் நான்கு நாட்கள் காலியாகக் கிடந்தது. அவள் பொய்யாக நிரப்பவில்லை, காலியாக விட்டிருந்தாள். அந்த நேர்மைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இருபத்து நான்கு மணி நேரமும் ஒருத்தியே கண்விழிக்க முடியாது என்பதைக் கட்டங்கள் சொல்லிவிட்டன. மருத்துவரிடம் கேட்டுக் காற்று மெத்தை வாங்கி, இரவில் புரட்டும் நேரங்களை அவர் சொன்னபடி மாற்றி அமைத்தோம். இரவு பத்து மணிக்குப் புரட்டும்போது நான் கூட நிற்கிறேன், அதன் பிறகு அவள் நிம்மதியாக ஒரு தூக்கம் போடுகிறாள்.

அடுத்த இரண்டு மாதக் கணக்கு: தோல் சிவந்த நாட்கள் மூன்று. சர்க்கரை இறங்கியது ஒரு முறை. ஆனால் ஓர் எண் ஏறியிருந்தது. 'விழப் பார்த்தது' முதல் இரண்டு மாதத்தில் ஒன்று, இப்போது ஐந்து.

பெங்களூரிலிருந்து வந்த மகள் அதைப் பார்த்துப் பதறினாள். எனக்குப் பதற்றம் வரவில்லை. அந்தப் பெண்ணைக் கேட்டேன். "முன்னாடியும் இப்படித்தான் ஐயா இருந்துச்சு, திட்டுவீங்களோன்னு எழுதலை" என்றாள். எழுதினால் யாரும் திட்ட மாட்டார்கள் என்ற நம்பிக்கை வந்த பிறகு எழுதத் தொடங்கியிருக்கிறாள். ஆகவே, ஒரு சேவையில் பதிவாகும் அசம்பாவிதங்கள் திடீரென்று கூடினால், நிலைமை மோசமாகிவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். மறைந்து கிடந்தது வெளியே வந்திருக்கலாம். எதுவுமே எழுதாத பதிவேட்டைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

அந்த ஐந்தில் மூன்று, குளியலறை வாசலில் இருந்த ஒன்றரை அங்குல மேட்டில் நடந்தவை. தச்சரைக் கூப்பிட்டுச் சரிவாக ஒரு பலகை அடித்து, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் போட்டேன். அதற்கு அடுத்த இரண்டு மாதத்தில் அந்த எண் ஒன்றாகிவிட்டது.

எண்ணுவதால் எல்லாம் தெரிந்துவிடாது. பிரெஞ்சுக்காரர்கள் முதலில் யாரிடம் பேசுகிறார்களோ, அவரிடம் நானும் பேச வேண்டியிருந்தது. "நல்லா பார்த்துக்கறாளா?" என்று கேட்டால் என் மனைவி தலையாட்டிவிடுவாள். அந்தப் பெண் கடைக்குப் போயிருந்த ஒரு நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு வேறுவிதமாகக் கேட்டேன். ராத்திரி மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் வருகிறாள்? உன்னைப் புரட்டுவதற்கு முன் சொல்லிவிட்டுப் புரட்டுகிறாளா? யாராவது எப்போதாவது கோபமாகத் தொட்டார்களா? ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வர இரண்டு மூன்று நிமிடம் ஆயிற்று. காத்திருந்தேன்.

கடைசியில் அவள் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, உடம்பு துடைக்கும்போது அறைக்கதவு திறந்தே கிடக்கிறது, கூடத்தில் யாராவது நடமாடுவது தெரிகிறது. இரண்டு, "பாட்டின்னு... கூப்பிட வேணாம்."

என்ன கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். "டீச்சர்" என்றாள். அந்த ஒரு சொல் தடுமாறாமல் வந்தது.

இந்த இரண்டும் என் நோட்டின் எந்தக் கட்டத்திலும் அடங்காதவை. 157 அம்சங்களைப் போட்டவர்கள் மனித மரியாதையைக் கட்டாயப் பட்டியலில் வைத்தது ஏன் என்று அன்றுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அன்றே கதவுக்கு உள்தாழ்ப்பாளும் ஒரு திரையும் போட்டோம். அந்தப் பெண் மறுநாளிலிருந்து "டீச்சரம்மா" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வருபவளுக்கும் அவளே சொல்லிக்கொடுத்துவிட்டாள். மாதம் ஒரு முறை இப்படித் தனியாகப் பேசுவது இப்போது எங்கள் வழக்கமாகிவிட்டது.

இதையெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்பது அதன் முக்கிய ஏற்பாடு. வீட்டுப் பராமரிப்புச் சேவைகளையும் அதன்கீழ் கொண்டுவர 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா அறிமுகமானது. சட்டமாவதற்கு முன் அந்த மக்களவையின் காலமே முடிந்துவிட்டது. முதியோருக்கான உதவி எண் 14567 இருக்கிறது. எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாதபோது அதில் வழி சொல்வார்கள், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் வீட்டு மாற்றாள் எத்தனை மணிக்கு வருகிறாள் என்று பார்க்க யாரும் வரமாட்டார்கள். நாம்தான் பார்க்க வேண்டும்.

புதிதாக ஏஜென்சியை அமர்த்தும் நண்பர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் என்று நான் நினைப்பவை இவை. வருகிற பெண்ணுக்கு விடுமுறை எந்த நாள், அன்று வருவது எப்போதும் ஒரே ஆளா? ஆள் மாறும்போது இருவரும் எவ்வளவு நேரம் சேர்ந்து இருப்பார்கள்? போலீஸ் சரிபார்ப்பு முடிந்ததா, அதன் நகலைக் காட்டுவீர்களா? நாம் தரும் பணத்தில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது? இந்தக் கடைசிக் கேள்விக்கு முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். கைக்கு வருவது குறைவாக இருந்தால் அவள் நூறு ரூபாய் கூடத் தரும் இடத்துக்குப் போய்விடுவாள்; நம் வீட்டுக்கு மறுபடி ஒரு புது ஆள் வருவாள். அவர்கள் ஏதாவது மேம்பாடு செய்ததாகச் சொன்னால், 'எந்த எண் குறைந்தது?' என்று கேளுங்கள். எண் இல்லையென்றால் ஒரு நோட்டு வாங்கி நீங்களே தொடங்குங்கள். மூன்று மாதம் கழித்துப் பேசுவது சுலபமாக இருக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. விழுப்புரத்துப் பெண்ணுக்குத் தை மாதம் தம்பி கல்யாணம், ஒரு மாதம் ஊரில் இருப்பாள். பதிலுக்கு வருபவளை நான்கு நாள் முன்னதாகவே அனுப்பச் சொல்லி உரிமையாளரிடம் பேசிவிட்டேன். அந்த நான்கு நாட்களில் இருவரும் சேர்ந்து வேலை செய்வார்கள். கையைப் பிடிக்கும் விதத்தையும் நோட்டு எழுதும் விதத்தையும் புதியவளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்று நானும் அந்தப் பெண்ணும் பேசிக்கொண்டிருந்தோம். கட்டிலிலிருந்து மணி அடித்தது. போய்ப் பார்த்தால் என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கையால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "நான்... சொல்லித்... தரேன்."